ஓடை வரைக்கும் போன யாத்திரை

செஞ்சிக் கடைத்தெருவில் யாராவது வெளியூர் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், அஜிததாஸ் நயினார் பிடித்துக்கொள்வார். எந்த ஊர், என்ன விசேஷம் என்றெல்லாம் கேட்க மாட்டார். "யாரோட போற?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

ஒருநாள் தளவானூர் வீராசாமி மல்லாட்டை மூட்டைகளை அவருடைய வேர்க்கடலை மண்டியில் இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வேலையெல்லாம் முடிஞ்சிது நைனாரே. காசிக்கு ஒரு நட போய்ட்டு வரலாம்னு இருக்கறேன்" என்றார்.

"யாரோட போற?"

"நானும் எங்க வூட்லயும்தான். வேற யாரு?"

"வாணாம்பா. கூட்டமா போறவங்களோட சேந்துக்க. நீ டிக்கெட்டுக்கு நிக்க சொல்ல மூட்டைய யாரு பாத்துக்குவா?"

"அவ பாத்துக்குவா."

"அவள யாரு பாத்துக்குவா?"

நயினார் விடவில்லை. கூட்டத்தில் ஒருவனுக்கு அந்த ஊர் பாஷை வரும், இன்னொருவனுக்கு வண்டி மாறுகிற இடம் தெரியும், ஒருத்தி பையில் சுக்கு இருக்கும், ஒருத்தி பையில் தைலம் இருக்கும், தங்குகிற இடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள், உடம்பு முடியாமல் ஒருத்தர் உட்கார்ந்தால் கூட உட்கார நாலு பேர் இருப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். டீக்கடை ராஜாராம் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போயிற்று. அது சர்க்கரை போடாத டீ. நயினாருக்குச் சர்க்கரை வியாதி என்று கடைத்தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பக்கத்துச் செக்குக் கடையில் எண்ணெய் வாங்க நின்றிருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. ஆகா, என்ன ஞானம், என்ன ஞானம்! இந்தப் புத்தி இந்த மனுஷனுக்கு அறுபத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் எங்கே போயிருந்தது? கடையென்றும் பார்க்காமல் கேட்டுவிடலாம் என்று வாய் துறுதுறுத்தது. எண்ணெய்த் தூக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் பெயர் அனந்தமதி. நயினாரின் மனைவி ஜ்வாலாமாலினி என் பெரியப்பா மகள். நானும் அவளும் தொண்டூரில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் இருவரையும் செஞ்சியில் ஒரே தெருவில் கொடுத்தார்கள். அவள் எனக்கு மாலினியக்கா, அவர் எனக்கு மாமா. மாமா என்று கூப்பிடுகிற உரிமையில்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

அக்காவுக்கு வெல்லம் என்றால் உயிர். பெரியப்பா கரும்பு போட்ட வருஷங்களில் பாகு காய்ச்சுகிற இடத்தை விட்டு நகர மாட்டாள். சூட்டோடு சூடாகப் பாகை இலையில் வாங்கி நக்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அழுதுகொண்டே மறுபடியும் இலையை நீட்டுவாள். அப்படிப்பட்டவள்தான் இனிப்பையே விட்டாள்.

அது எப்படி என்றால், மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்கு ஒருமுறை வடக்கிலிருந்து ஒரு பெண் துறவி வந்திருந்தார். சம்மேத சிகரத்தைப் பற்றிச் சொன்னார். பீகாரில் இருக்கிற மலை அது, சிகர்ஜி என்றும் சொல்வார்கள். இருபது தீர்த்தங்கரர்கள் முக்தியடைந்த இடம். உச்சியில் சிலைகூடக் கிடையாது, பாதங்கள் மட்டும்தான். ஒரு ஜைனப் பிறவிக்கு ஒரு தடவையாவது அந்தப் பாதத்தைத் தொடவேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் உருகிப்போனோம். ஆளுக்கு ஒரு நியமம் எடுத்துக்கொண்டோம். ஒருத்தி வெற்றிலையை விட்டாள், ஒருத்தி கத்தரிக்காயை விட்டாள். நான் பாகற்காயை விட்டேன். அது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அக்கா எழுந்து கைகூப்பி, "சிகர்ஜி மலையேறி பாதத்த பாக்கற வரைக்கும் இனிப்பு தொடமாட்டேன்" என்றாள்.

"இன்னாக்கா இது, வேற எதுனா வுடக்கூடாதா?" என்று அவள் இடுப்பைக் கிள்ளினேன்.

"புடிக்காதத வுட்டா அது நியமமாடி?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வருஷம் போய்விடலாம் என்றார் மாமா. அடுத்த வருஷம் மல்லாட்டை விலை ஏறிற்று, மண்டியை விட்டு நகர முடியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவர் தம்பி கல்யாணம். அப்புறம் மகள் கல்யாணம். பெற்ற பெண்ணின் கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றிவிட்டு, தன் இலைக்கு மட்டும் மோரை வாங்கிக்கொண்டவள் என் அக்கா. பொங்கலுக்குப் பொங்கல் பானையில் வெல்லத்தைத் தட்டிப் போட்டுவிட்டு விரலைத் தண்ணீரில் கழுவுவாள். வருஷங்கள் அப்படியே ஓடிவிட்டன.

அறுபத்து நாலில்தான் தொண்டூர் ஜினசேனன் அண்ணன் யாத்திரைக் கூட்டம் கட்டினார். நெல் மிஷின் வைத்திருந்தவர். ஏற்கெனவே ஒருமுறை சிகர்ஜி போய்வந்தவர், கொஞ்சம் இந்தி பேசுவார். ரயிலில் எங்களுக்கென்று தனி போகி கேட்டு வாங்கினார். சமையலுக்கு ஆள் வைத்தார். எங்களில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை, தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். இதெல்லாம் ரயில்காரனுக்குத் தெரியுமா? அதனால் பெரிய ஜங்ஷனில் போகியைக் கழற்றி ஓரமாக நிறுத்தி, வெயில் இருக்கும்போதே சமைத்துச் சாப்பிட்டு, அடுத்த வண்டியில் மாட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கூட்டத்தை மேய்க்க ஜினசேனன் அண்ணன் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஒரு விசிலுக்கு எழுந்திருக்க வேண்டும், இரண்டு விசிலுக்குச் சாப்பிட உட்கார வேண்டும், நீளமாக ஊதினால் வரிசையில் நிற்க வேண்டும்.

மாமாவுக்கு இந்த விசில்தான் பொறுக்கவில்லை.

"விசில் ஊதனா எழுந்து விசில் ஊதனா துன்றதுக்கு நான் இன்னா போலீஸ்காரனா? எனக்கு உருது நல்லா பேச வரும். உருதுவும் இந்தியும் அண்ணன் தம்பி. நானும் இவளும் தனியா போய்க்கறோம்" என்றார்.

"மலைக்கு மேல பெரிய நட மாமா. ஏறி, சுத்தி, எறங்கணும். அது வரைக்கும் பச்சத் தண்ணி கெடையாது" என்றேன்.

"செஞ்சியில பொறந்தவனுக்கு மலைய பத்தி பாடம் எடுக்கறியா நீ? ராஜகிரி ஏறன காலு இது. உங்கக்கா மட்டும் இன்னா, பௌர்ணமிக்கு பௌர்ணமி திருநாதர்குன்று ஏறி எறங்கறவதானே?"

இதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் திமிர். எழுந்ததும் கண்ணில் படுவது கோட்டையும் பாறையும். உலகத்தில் உள்ள மலையெல்லாம் நம் கொல்லைப்புறத்து மலை மாதிரிதான் என்று நினைத்துக்கொள்வார்கள். ராஜகிரி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த மலைக்குப் போக நாள் கணக்கில் ரயிலில் கிடக்கவேண்டும் என்பதை அவர் மலையேற்றத்தில் சேர்க்கவே இல்லை.

அவருக்கு அக்கா மேல் ஆசை இல்லையா என்றால், இருந்தது. அதுதான் கொடுமை. மாமியார், நாத்தனார், கொழுந்தன், மண்டி ஆட்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் கூட்டத்துக்கே வடித்துக் கொட்டினாள். "ஒரு தடவையாவது நாங்க ரெண்டு பேரு மட்டும் போறமே அனந்தமதி" என்று அவர் என்னிடம் சொன்னபோது முகம் மாப்பிள்ளை முகம் மாதிரி சிவந்துபோயிருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

ஆனால் அக்காவின் ஆசை வேறு. "நம்ம பொம்பளைங்களோட ஸ்தோத்திரம் பாடிக்கினே போலாம்னு இருந்தேன்டி. ரயில்ல ஒன் பக்கத்துல படுத்துக்கினு கத பேசலாம்னு இருந்தேன்" என்றாள் என்னிடம். அவரிடம் ஒரே ஒரு தடவை, "அவங்களோடயே போலாங்களே" என்று சொன்னாளாம். அவர் விசில் கதையை மறுபடி ஆரம்பித்தார். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. மலை இறங்கியதும் அடிவாரத்தில் வாயில் போட்டுக்கொள்ள ஒரு கட்டி அச்சுவெல்லத்தைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தாள்.

கூட்டம் வருவதற்குள் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பது மாமாவின் கணக்கு, அதனால் அவர்கள் எங்களுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே கிளம்பினார்கள். திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "மலையில பாக்கலாம்டி" என்றாள்.

வழியில் நடந்ததெல்லாம் பிற்பாடு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெட்ராஸிலிருந்து போன மெயில் எந்த ஸ்டேஷனில் எப்போது நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பாடு கிடைக்கிற ஸ்டேஷன் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டிருக்கும். அவர் வாங்கிச் சாப்பிட்டார். "ஆபத்துக்கு பாவம் இல்ல, துன்னு" என்று அவளிடமும் நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டாள். கையில் கொண்டுபோன புளிச்சோறு கெட்டுப்போயிற்று. அவலும் பொரியும்தான் மிச்சம்.

ஹௌராவில் இறங்கியதும் கூலிக்காரன் ஒருவன் பெட்டியையும் அவல் மூட்டையையும் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தான். மாமா தன் உருதுவில் என்னமோ சொன்னார், அவன் வங்காளத்தில் என்னமோ சொன்னான். பெட்டியை வாங்குவதற்குள் அவல் மூட்டை கூட்டத்தில் எங்கேயோ போய்விட்டது. அடுத்த வண்டிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். "இங்கயே நில்லு, அசையாத. நான் வந்துடறேன்" என்று ஒரு தூண் ஓரத்தில் அவளை நிறுத்திவிட்டுப் போனார். ஒரு வரிசையில் நின்றார், அது இல்லை என்றார்கள். வேறு வரிசைக்குப் போனார். திரும்பி வரும்போது எல்லாத் தூணும் ஒரே மாதிரி இருந்ததாம். அவர் ஒரு பக்கம் தேட, அவள் அவர் சொன்ன இடத்திலேயே நின்றாள். காலையில் நின்றவள் வெயில் சாய்கிற வரைக்கும் நின்றாள். குழாய் எதிரிலேயே இருந்தது, வடிகட்டுகிற துணியும் இடுப்பில் இருந்தது. பெட்டியை விட்டுப் போனால் பெட்டி போய்விடும், நகர்ந்தால் அவர் வந்து ஏமாந்துபோவார் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருக்கிறாள். அவர் கண்டுபிடித்து ஓடிவந்தபோது, "சாப்டீங்களா?" என்று கேட்டாளாம். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மலையடிவாரத்துச் சத்திரத்தில் அறை இல்லை. முன்கூட்டியே சொல்லி வைத்த கூட்டங்களுக்குத்தான் அறை. சத்திரத்துக்காரர் இரக்கப்பட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மூலை கொடுத்தார். அங்கே மாசிக் குளிர் நம்மூர் மார்கழியை விட மோசம். ஒரு நாளாவது படுத்து, நாலு வாய் சூடாகச் சாப்பிட்டுத் தெம்பாக ஏறியிருக்கலாம். மாமாவுக்குப் பொறுமை கிடையாதே! மறுநாள் விடிவதற்கு முன்பே ஏற ஆரம்பித்துவிட்டார்கள். டோலி கேட்கலாமா என்றாராம். "நடந்து வர்றேன்னுதான் நெனச்சிக்கினேன்" என்று அவள் நடந்தாள்.

வழியில் ஓர் ஓடை குறுக்கே போகும். அதுவரைக்கும் போனாள். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்க முடியவில்லை. கால் நடுங்கியது, பித்தமாக வாந்தி எடுத்தாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தனியாள் என்ன செய்வார்? அவளைத் தாங்குவாரா, ஓடிப்போய் டோலிக்காரனைக் கூப்பிடுவாரா? கூப்பிடப் போனால் அவளை யார் பார்த்துக்கொள்வது? யாரோ ஒரு குஜராத்திக் குடும்பம் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து விட்டது.

இதுவரைக்கும் நடந்ததை நான் மன்னித்துவிடுவேன். தெரியாமல் நடந்தது. இதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தாழ்வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஜுரத்தோடு கிடந்தாள். கொஞ்சம் கஞ்சி உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்தாள். சத்திரத்துக்காரர் மாமாவிடம், நாளைக்கு மெட்ராஸ் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கூட்டம் வருகிறது, அந்த வரிசை அறை முழுவதும் அவர்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அக்காவின் முகம் மலர்ந்துபோயிற்றாம்.

"நம்மாளுங்கதாங்க! ஒரு நாளு இருந்தா அவங்களோடயே ஏறிடலாங்க" என்றாள்.

மாமா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜினசேனன் அண்ணன் கழுத்தில் விசிலோடு உள்ளே வருவார். அவர் பின்னால் தொண்டூர், செஞ்சி முழுவதும் வரும். தாழ்வாரத்து மூலையில் நோயாளி மனைவியோடு அஜிததாஸ் நயினார் உட்கார்ந்திருப்பார். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். நான் வேண்டுமானால் சொல்லியிருப்பேன்.

"மூட்டைய கட்டு. ஒடம்பு சரியில்லாம இங்க இருக்க வாணாம். ஊருக்கு போய் டாக்டர பாக்கலாம்" என்றார்.

அவள் கட்டினாள். முடிச்சை அவிழ்க்காத வெல்லத்தையும் பெட்டியின் அடியில் வைத்துக் கட்டினாள்.

மறுநாள் வெயில் இருக்கும்போதே நாங்கள் போய் இறங்கினோம். சத்திரத்துக்காரர் ஜினசேனன் அண்ணனிடம் இந்தியில் என்னமோ சொன்னார். அண்ணன் முகம் மாறிற்று. "நம்மூரு ஆளு ஒருத்தரும் அவர் சம்சாரமும் நேத்து காலைலதான் கெளம்பி போனாங்களாம். அந்தம்மாவுக்கு ஒடம்பு முடியலையாம். பாதி மலையிலேயே எறக்கிட்டாங்களாம்" என்றார். நான் அந்தத் தாழ்வாரத்திலேயே மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள்! ஒரே ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?

எங்கள் கூட்டத்தில் மீனம்பாள் என்று ஒரு பாட்டி வந்திருந்தாள். பருத்த உடம்பு, இரண்டு முட்டியும் பழுது. ஒரு படி ஏறினாலும், "ஏ ஜினேந்திரா" என்று நின்றுவிடுவாள். அவளை இரண்டு பேர் தாங்கினோம். ஒருத்தி பாடிக்கொண்டே முன்னால் போனாள். பாட்டி நின்றபோதெல்லாம் கூட்டமே நின்றது. மேலே பாதை செங்குத்தான இடத்தில் டோலியில் உட்கார வைத்தோம். கூடவே நடந்து எல்லாப் பாதங்களையும் தொட வைத்து இறக்கிவிட்டோம். இறங்கி வந்தபோது சமையல்காரர் அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார். மீனம்பாள் பாட்டி ஏறினாள் என்றால் என் மாலினியக்கா ஏறியிருக்க மாட்டாளா? பொங்கலை வாயில் வைத்தேன், கசந்தது.

ஊருக்கு வந்ததும் குளிக்கக்கூடச் செய்யாமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன். இளைத்துப்போயிருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பாதத்தைத் தொட்ட கை என்று.

"சொல்லுடி. அந்த ஓடைக்கு அப்பறம் எப்டி இருக்குது?" என்றாள்.

சொன்னேன். ஓடையைத் தாண்டினால் பாதை வளைகிறது, மூங்கில் காடு வருகிறது, அதற்கப்புறம் காற்று சில்லென்று அடிக்கிறது, உச்சியில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் நிறுத்தினால், "அப்பறம்?" என்றாள். மாமா உள் அறையில் இருந்தார். கேட்கட்டும் என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். முடித்துவிட்டு அவர் காதில் விழும்படி, "ஒரு நாளு இருந்திருந்தா ஒங்க தல எறங்கிப்போயிருக்குமா மாமா?" என்றேன்.

"வுடுடி. வர்ற வருஷம் ஒன்னோடயே வர்றேன்" என்றாள் அக்கா.

வருகிற வருஷமும் வந்தது. அறுபத்தைந்து மாசிக்கு ஜினசேனன் அண்ணன் மறுபடி போகிக்கு ஏற்பாடு செய்தார். மாமாவே அவர் வீட்டுக்குப் போய் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு வந்தார். அக்கா புதுப் புடவைகூட எடுத்துவிட்டாள். தை மாதத்தில் இந்தி எதிர்ப்புக் கலவரம் மூண்டது. ரயில் ஓடுமா ஓடாதா என்றே தெரியவில்லை. அந்த வருஷ யாத்திரை நின்றுபோயிற்று. அதற்கடுத்த வருஷம் அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மாமா அவளை விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசி நாட்களில் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒருநாள் பகலில் மாமா அந்தப் பழைய துணி முடிச்சை எடுத்து வந்தார். அவிழ்த்து, வெல்லத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, அவள் உதட்டருகில் கொண்டுபோனார்.

"மாலினி, மடத்துல கேட்டுட்டேன். மனசுல நெனச்சதே போதுமாம். நியமம் முடிஞ்ச மாதிரிதானாம். வாய தொற" என்றார்.

அக்கா அந்த வெல்லத்தையே பார்த்தாள். அவளுக்கு அதன் மேல் இருந்த ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது. அப்புறம் உதட்டை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"நான் இன்னும் மலைய பாக்கலியே" என்றாள்.

கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. இன்னும் துணி காயவில்லையே என்கிற மாதிரி சொன்னாள். இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் மாமாவுக்கு இந்த "யாரோட போற" நோய் பிடித்தது. நான் அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டேன். எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அறுபத்தெட்டில் மறுபடி கூட்டம் கிளம்பியது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் மாமாதான். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. அவளைக் கூட்டிப்போகத் துப்பில்லை, இப்போது தான் மட்டும் புண்ணியம் தேடிக்கொள்ள வருகிறாரா? ஆனால் ரயிலில் அந்த மனுஷனைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. முதல் விசிலுக்கு எழுந்தார். இரண்டு விசிலுக்கு உட்கார்ந்தார். நீள விசிலுக்குப் பையன்களுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றார். ஹௌராவில் எல்லோரும் காலைக் கழுவ, தண்ணீர் பிடிக்க என்று கலைந்துபோனபோது, மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். அசையவில்லை. "நீங்களும் போய் தண்ணி குடிச்சிட்டு வாங்களேன்" என்று யாரோ சொன்னதற்கு, "நான் நின்னு பாக்கறேன்" என்றார். அவர் பக்கத்தில் ஒரு தூண் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மலையேறும்போது ஒருத்தியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் ஏறினார். விடிந்து வெளிச்சம் வந்தபோது ஓடைக்கு வந்துசேர்ந்தோம். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க நயினாரே. மேல இன்னும் தூரம் இருக்குது" என்றார் ஜினசேனன் அண்ணன்.

"நீங்க போய்ட்டு வாங்க."

"கூட்டத்துல வந்தவங்கள வழியில வுட்டுட்டு போற பழக்கம் நமக்கு இல்ல. ஒடம்புக்கு இன்னா பண்ணுது? டோலி சொல்லட்டுமா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அவ இதுவரைக்கும்தான் வந்தா. நானும் வந்துட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "இன்னா மாமா வெளாட்டு? இவ்ளோ தூரம் ரயிலேறி வந்தது கல்லுல குந்தறதுக்கா? அவ பேரை சொல்லி அந்த பாதத்த தொட்டுட்டு வந்தா அவ மனசு குளுராதா?" என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவள இங்கேந்து எறக்கனவன் நானு. அவள வுட்டுட்டு எந்த மூஞ்சியோட மேல போவேன் அனந்தமதி? நீ போ. அவளுக்கு நீ சொன்னியே, அந்த மூங்கி காடு, அதெல்லாம் நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். அது போதும் எனக்கு" என்றார்.

ஜினசேனன் அண்ணன் ஓர் ஆளைத் துணைக்கு நிறுத்திவிட்டு எங்களை நடத்திக்கொண்டு போனார். உச்சியில் அக்கா பெயரைச் சொல்லி நான் தொட்டேன். திரும்பி வரும்போது அதே கல்லில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அடிவாரத்தில் சமையல்காரர் அந்த முறையும் சர்க்கரைப் பொங்கல்தான் வைத்திருந்தார். வரிசையாக உட்கார்ந்தோம். மாமா எனக்கு எதிர்வரிசை. அவர் இலைக்கு வந்ததும் கையைக் குறுக்கே வைத்தார்.

"சர்க்கர வியாதிங்களா?" என்று கேட்டார் சமையல்காரர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நான் இன்னும் மலைய பாக்கலியே" என்றார்.

ராஜாராம் கடையில் சர்க்கரை இல்லாத டீ, பொங்கலன்று எங்கள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினால் திரும்பி வந்துவிடுகிற கிண்ணம், பேரன் பிறந்தநாளில் அவர் தொடாமல் வைத்த லட்டு, எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கிற்று. அக்கா போன நாளிலிருந்தே அந்த நியமத்தை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். முடியவே முடியாதபடி ஓடையோடு நின்றும் விட்டார். இவ்வளவு வருஷம் வைத்துக்கொண்டிருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "மாமா, மோராவது வாங்கிக்கோங்க" என்றேன். தலையாட்டி வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் ஜினசேனன் அண்ணன் நீளமாக விசில் ஊதினார். மாமா கையைக் கழுவிவிட்டு வரிசையில் போய் நின்றார்.